பந்தை ரொஷானிட்டக் குடு

ஹென்டர்சன், ஒக்லாந்து
10 மார்ச் 2024

அன்புள்ள சறோஜா அக்காவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் சுதர்ஷிகாவும் சுகம். அங்கு நீங்களும் ரொஷானும் சுகம்தானே? உங்கள் காதுக்குப் போட்ட புதிய கருவியிலும் தொலைபேசிக் குரல் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது என்று ரொஷான் சொன்னான். பரவாயில்லை, இப்படியே மின்னஞ்சலில் எழுதிக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் உங்களிடம் வந்துவிடும்.

அக்கா, எங்கள் செந்தாரகைக் கழகத்தைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது. களத்தில் நான்தான் அணித் தலைவன், நான்தான் பயிற்றுநர். எட்டு அணிகள் உள்ள ஞாயிறு லீக்கில் போன வருடமும் எட்டாம் இடம். இந்த முறையும் கடைசியாக வந்தால் லீக்கில் இருந்தே எடுத்துவிடுவார்களாம். நேற்று ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். ஆறாவது கோல் விழும்போது எங்கள் பின்கள வீரன் ஆரணன் என்ன செய்தான் தெரியுமா? காலுறைக்குள் செருகி வைத்திருந்த போன் அடித்தது, எடுத்துக் கதைத்தான். இடைவேளையில் ஆளுக்கு மூன்று மட்டன் ரோல்ஸ். பிறகு ஓட முடியாமல் ஓரத்தில் நின்று தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான் ஒருவன். சேற்று உடுப்பை ஒருவனும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எல்லாம் என் வானுக்குள் ஒரு கிழமை கிடந்து நாறும். அந்த நாற்றத்தோடுதான் வேலைக்குப் போகிறேன்.

இவர்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் ஒன்று தெரியும். பதினொரு பேரில் ஒருவன் உண்மையான ஆட்டக்காரனாக இருந்தால் மற்றப் பத்துப் பேரும் நிமிர்ந்துவிடுவார்கள். ரொஷானை ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை இங்கே அனுப்புங்கள். என் வீட்டில் நிற்கட்டும். கழகத் தலைவர் சற்குணம் அண்ணர் பயண ஒழுங்கெல்லாம் தான் பார்ப்பதாகச் சொல்கிறார்.

பதிலை எதிர்பார்க்கும்
தம்பி கிளின்ரன்

*

பேசாலை, மன்னார்
17 மார்ச் 2024

அன்புள்ள தம்பி கிளின்ரனுக்கு,

இறைவன் அருளால் இங்கு சுகம். உன் பிறஷர் எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா? ஞாயிற்றுக்கிழமை பந்தடி என்றால் பூசைக்கு எப்போது போகிறாய்? பதில் தெரியும், எழுத வேண்டாம்.

இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிறேன். ஒரு நல்ல ஆட்டக்காரன் வந்தால் மற்றவர்கள் நிமிரமாட்டார்கள், தம்பி. சாய்ந்துகொள்வார்கள். இடைவேளையில் ரோல்ஸ் தின்று நிற்கும் பத்துப் பேரை என் மகன் எப்படி ஓட வைப்பான்?

ஆனாலும் ரொஷானுக்குப் போக ஆசை. இருபத்திரண்டு வயது, மன்னாருக்கும் கொழும்புக்கும் அப்பால் ஒன்றும் பார்த்ததில்லை. அனுப்புகிறேன். மூன்று விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்.

செப்டெம்பர் 9ஆம் திகதி கொழும்பில் ஒரு அரச திணைக்கள அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் வேலையும் சேர்ந்து கிடைக்கும். அவர்கள் இவனைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓகஸ்ட் முடிய முதல் அவன் இங்கே நிற்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் கிளிநொச்சியில் விழுந்தபோது வலது முழங்காலில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் வீங்கினால் இரண்டு கிழமை மைதானப் பக்கமே போகக்கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். பெரியவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன். அவனுக்குப் பதிலாக நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்
அக்கா

*

ஹென்டர்சன்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ரொஷான் குளிருக்கு என் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு திரிகிறான். சுதர்ஷிகாவின் சமையல் பிடித்துவிட்டது, அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. நீங்கள் தந்துவிட்ட கருவாட்டுப் பொரியல் இரண்டு நாளில் முடிந்தது.

அக்கா, வென்றுவிட்டோம்! இன்று மூன்றுக்கு இரண்டு. பதினான்கு மாதத்தில் முதல் வெற்றி. மூன்றும் ரொஷான் அடித்தவை. கடைசிக் கோலுக்கு நடுக்கோட்டில் இருந்து நான்கு பேரைத் தாண்டிப் போனான். மற்ற அணியின் பயிற்றுநர் வந்து கைகொடுத்து, இவன் எங்கே இருந்து வந்தவன் என்று கேட்டார். சற்குணம் அண்ணர் அழுதே விட்டார். “தம்பி, இனி ஒரு கதைதான். பந்தை ரொஷானிட்டக் குடு. மிச்சத்தை அவன் பாப்பான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

நான் சொன்னது சரியாகப் போயிற்றா, இல்லையா?

மகிழ்ச்சியுடன்
தம்பி கிளின்ரன்

*

பேசாலை
4 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு சுகம், வெயில்தான் தாங்க முடியவில்லை. வெற்றிக்கு என் வாழ்த்து. ரொஷான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அவன் நாலு பேரைத் தாண்டும்போது உன் ஆட்கள் எங்கே? இரண்டு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள். அதில் ஒருவன் நீ.

இந்தக் கிழமை பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுது.

சுதர்ஷிகாவுக்கு என் அன்பு. வயோதிபர் இல்லத்தில் அவளுக்கு வேலை கடினம் என்று ரொஷான் சொன்னான். அவளைச் சேற்று உடுப்புத் தோய்க்க விடாதே.

அன்புடன்
அக்கா

*

ஹென்டர்சன்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே மழை தொடங்கிவிட்டது, மைதானம் வயல்போலக் கிடக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: நான்கு பேர். ரொஷான் வருவதற்கு முன் ஒன்பது பேர் வந்தார்கள். மாரிசாமி என்று மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார், நடுக்களத்தில் விளையாடுகிறவர், இருந்ததில் கொஞ்சம் உழைக்கிறவர். ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அதான் ரொஷான் இருக்கான்ல அண்ணே” என்கிறார். மூன்று ஆட்டம் வென்றோம், இரண்டு தோற்றோம், ஒன்று சமம். எங்கள் எல்லாக் கோலும் ரொஷானுடையவை. பந்து காலுக்கு வந்தவுடன் பாம்பைக் கண்டவர்கள்போல அவன் பக்கம் தள்ளிவிட்டு நின்றுவிடுகிறார்கள். மற்ற அணிகளுக்கும் இது தெரிந்துவிட்டது. அவனுக்கு இரண்டு பேரைக் காவல் போடுகிறார்கள், காலில் உதைக்கிறார்கள். அவன் விழுந்தால் எங்கள் ஆட்கள் ஓரத்தில் நின்று மத்தியஸ்தரைத் தூஷணத்தால் ஏசுகிறார்கள். ஏசுவதற்கு மட்டும் மூச்சு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அவனோடு நின்று படம் எடுக்க அடிபடுகிறார்கள். எனக்குக் குமட்டுகிறது, அக்கா.

சுதர்ஷிகா சுகம். கடையில் உறைந்த பட்டாணிப் பைகள் ஐந்தாறு வாங்கி உறைபெட்டியை நிரப்பி வைத்திருக்கிறாள், ஐஸ்கிறீம் வைக்க இடமில்லை.

அன்புடன்
தம்பி கிளின்ரன்

*

பேசாலை
5 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பட்டாணி எதற்கு?

கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தேன். ரொஷான் முழுப் பாரத்தையும் இடது காலில் போட்டு நிற்கிறான். வலது காலில் முழங்காலுக்கு மேலும் கீழும் நாடா சுற்றியிருக்கிறது. அவனைக் கேட்டால் “நல்லம் அம்மா” என்று எழுதிக் கட்டைவிரல் படம் போடுகிறான். அவனை இனிக் கேட்கமாட்டேன். உன்னைக் கேட்கிறேன். வீங்கியிருக்கிறதா?

அக்கா

*

பேசாலை
30 ஜூன் 2024

தம்பி கிளின்ரனுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மின்னஞ்சல் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்று நீதான் எழுதினாய். இருபத்தைந்து நாளாகிறது. நான் கேட்டது ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

அக்கா

*

ஹென்டர்சன்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். வேலைத்தலத்தில் இரண்டு பேர் நிற்பாட்டப்பட்டதால் எனக்கு மேலதிக நேரம், அதுதான் எழுத முடியவில்லை. போன சனிக்கிழமை ரொஷானைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். கறுப்பு மணல், பேசாலைக் கடற்கரைபோல இல்லை. அவனுக்குப் பிடித்தது. உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறான். இங்கே பின்னேரம் ஐந்தரைக்கே இருண்டுவிடுகிறது. சுதர்ஷிகாவின் தம்பிக்குக் கனடாவில் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது.

இன்னும் ஐந்து ஆட்டம்தான், அக்கா. எங்களுக்கும் கடைசி அணிக்கும் இடையில் ஐந்து புள்ளி.

அன்புடன்
கிளின்ரன்

*

ஹென்டர்சன்
30 ஜூலை 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுதர்ஷிகா எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். இது அவருக்குத் தெரியாமல் எழுதும் கடிதம் இல்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவர் எழும்பி வெளியே போய் வானுக்குள் இருக்கிறார்.

ரொஷானுக்கு மே கடைசியிலேயே முழங்கால் வீங்கிவிட்டது, உறைந்த பட்டாணிப் பையால்தான் ஒத்தடம் கொடுத்தேன். ஜூன் முதல் கிழமை நான்தான் இங்குள்ள பிசியோதெரபிப் பிள்ளையிடம் கூட்டிப்போனேன். உள்ளே கிழிவு இருக்கலாம், ஸ்கேன் எடுக்கும்வரை பந்தைத் தொடக்கூடாது என்று அந்தப் பிள்ளை கடிதம் தந்தாள். உங்கள் தம்பி அதை வாசித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகும் மூன்று ஆட்டம் நாடா சுற்றி விளையாடவிட்டார். மூன்றாவது முடிந்த அன்று ரொஷானால் படியேற முடியவில்லை. நான் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை விட்டுவிட்டார். வந்த இரண்டு ஆட்டமும் தோல்வி.

நேற்று முன்தினம் ஞாயிறு பாபகூராப் பக்கத்தில் ஆட்டம். தோற்றால் கடைசி இடம் என்ற நிலை. ரொஷான் நீளக் காற்சட்டையோடு என் பக்கத்தில் மைதான ஓரத்து வாங்கில் இருந்தான். இடைவேளையில் இரண்டுக்குப் பூச்சியம். சற்குணம் அண்ணர் இவரைத் தனியே கூட்டிப்போய்க் கதைத்தார். இவர் நேரே எங்களிடம் வந்தார்.

“ரொஷான், இருவது நிமிசம் மட்டும். நீ ஓட வேண்டாம், நிண்டாலே காணும். அவங்கள் பயப்படுவாங்கள்.”

“போகாதை” என்று நான் சொன்னேன். கையைப் பிடித்தேன்.

ரொஷான் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “மாமா கேக்கிறார், மாமி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கட்டினான்.

நிற்கிற பிள்ளையா மச்சாள் அவன்? ஓடினான். ஒரு கோல் அடித்தான். பத்து நிமிடத்தில் இன்னொன்று. எங்கள் ஆட்கள் ஒருவரும் அவனோடு ஓடவில்லை, பந்தை அவனுக்கு அனுப்பிவிட்டுக் கை தட்டினார்கள். மூன்றாம் முறை அவன் திரும்பும்போது கால் சேற்றில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பிற்று. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அவன் நிலத்தில் கிடந்து மண்ணைக் கடிக்கிறான். எங்கள் கோல் காப்பாளன் பிரணவன் அந்தப் பக்கத்தில் இருந்து “பெனால்ரியோ?” என்று கத்துகிறான். சற்குணம் அண்ணர் மத்தியஸ்தரிடம் ஓடுகிறார், பிள்ளையிடம் இல்லை. உங்கள் தம்பி பிள்ளையிடம்தான் ஓடினார். ஆனால் போய்க் குனிந்து முதலில் கேட்டது, “எழும்ப ஏலுமே?” என்று.

எனக்கு இந்த மனிதரோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட அருவருப்பாக இருக்கிறது. அதை அவருக்கும் சொன்னேன்.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலின் நடுத் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை வேண்டும். விபத்து என்பதால் இந்த நாட்டுச் செலவிலேயே செய்வார்கள். ஒன்பது மாதம் பந்து தொட முடியாது. கொழும்புத் தேர்வும் போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், லீவு எடுத்துவிட்டேன்.

உங்களிடம் ஜூனிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குற்றம் என்னுடையது.

உங்கள்
சுதர்ஷிகா

*

பேசாலை
31 ஜூலை 2024

கிளின்ரன்,

உன் ஆட்களைப் பற்றி நீ எழுதிய கடிதங்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். குமட்டுகிறது, அருவருப்பு என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய். போனில் கதைத்தவனும் ரோல்ஸ் தின்றவனும் என் பிள்ளையின் காலை முறிக்கவில்லை. அவர்கள் சோம்பேறிகள், அவ்வளவுதான். உனக்கு அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று தெரியும். கடிதம் உன் சட்டைப்பைக்குள் இருந்தது. கறுப்பு மணலைப் பற்றி எனக்கு எழுதும்போதும் அங்கேதான் இருந்தது.

சீ.

சறோஜா

*

ஹென்டர்சன்
8 செப்டெம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஐந்து கிழமையாகத் தொடங்கி அழித்து, தொடங்கி அழித்து, இன்றுதான் முடிக்கிறேன். நாளைக்குக் கொழும்பில் ஆள் எடுக்கும் நாள். அந்த நாளுக்கு முன் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று தெரிந்தது.

சுதர்ஷிகா எழுதியது எல்லாம் உண்மை. அவள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. “எழும்ப ஏலுமே” என்று நான் கேட்டபோது அவன் “ஏலும் மாமா” என்று சொல்லி எழும்பப் பார்த்தான். நான் கைகொடுத்தேன். தூக்கி நிறுத்த. அரைவாசி எழும்பி விழுந்தான்.

சத்திரசிகிச்சை 19ஆம் திகதி. விசா நீடிப்புக்கும் போட்டாயிற்று.

அன்றைய ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக முடிந்தது, மிச்ச ஆட்டம் இரண்டிலும் தோற்றோம். ஆனால் கடைசி அணியும் தோற்றதால் ஒரு புள்ளியால் தப்பிவிட்டோம். ரொஷான் எடுத்துத் தந்த புள்ளி. போன சனிக்கிழமை பாபகூராவில் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைத்தார்கள். நான் போகமாட்டேன் என்றேன். “போவம் மாமா, கூப்பிட்டிருக்கினம்” என்றான் ரொஷான். அவனுக்குத்தான் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதே. அப்போதும் அவனுக்குப் பதிலாக நான் சொல்லவில்லை.

கேக்கில் அவனுடைய படம் போட்டிருந்தார்கள். அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள், மேடைக்கு நான்கு படி. ஊன்றுதடியோடு அவன் ஏறி முடிக்கும்வரை எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர்கூடப் பிடித்து ஏற்ற வரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். அதற்கும் எனக்குக் கை தட்டினார்கள், அக்கா. பிறகு கேக்கை வெட்டி அவன் முகம் இருந்த துண்டை யார் சாப்பிடுவது என்று பகிடி விட்டார்கள்.

சாப்பாடு முடிய சற்குணம் அண்ணர் என் தோளில் கைபோட்டு, ரொஷான் இருந்த கதிரைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்டார்.

“தம்பி, அடுத்த வருசத்துக்கு உங்கட ஊரில வேற ஆர் நல்ல பெடியள் இருக்கினம்? அக்காவிட்ட ஒருக்காக் கேளுமன்.”

நான் அவரை அறையவில்லை. ஏசவுமில்லை. “கேட்டுப் பாக்கிறன் அண்ணை” என்று சொன்னேன். யோசிக்காமல் வாயில் வந்தது. என் வாய்க்கு அது இவ்வளவு பழகிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது ரொஷான் பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். ஹென்டர்சனுக்குத் திரும்பும் இடத்தில் கேட்டான்.

“மாமா, ஆரைக் கேக்கப் போறியள்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஊரில் இருக்கும் தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு பெற்றோல் நிலையத்தில் வானை நிறுத்தி, இறங்கி, சுவரோரம் போய்ச் சத்தி எடுத்தேன். அங்கே நின்றே சற்குணம் அண்ணருக்குப் போன் எடுத்தேன்.

“ஒருத்தரையும் கேக்க மாட்டன். நீங்களும் கேக்கக் கூடாது. கேட்டியள் எண்டா, ஊரில ஒவ்வொரு வீட்டுக்கும் நானே எழுதுவன், இவன்ர காலுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு. நான் இனிக் கழகத்தில இல்லை.”

“இப்ப என்ன தம்பி நடந்தது?” என்று கேட்டார் அவர். அக்கா, அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மார்ச்சில் இருந்து நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு நீங்கள் அந்த நாளைத் தனியே கழிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் தெரியும்.

கிளின்ரன்

*

பேசாலை
22 செப்டெம்பர் 2024

கிளின்ரன்,

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று சுதர்ஷிகா எழுதியிருந்தாள். ரொஷானும் எழுதினான், மாமாவை ஏசாதேங்கோ அம்மா என்று. அவனுக்கு நான் பதில் எழுதிவிட்டேன். ஏசுவது என் வேலை, மாட்டேன் என்று சொல்லப் பழகுவது உன் வேலை என்று.

9ஆம் திகதி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழக்கம்போல ஊதியை ஊதினேன். கொழும்பில் அந்த இடத்துக்கு வவுனியாப் பிள்ளை ஒருவனை எடுத்திருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரன், நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். வைத்தியர் முதல் தந்த பயிற்சியை மாற்றாதே, அதோடு இதைச் சேர். குதிக்காலின் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்து விடச் சொல். காலையில் இருபது, பின்னேரம் இருபது, படுக்க முதல் இருபது. மூன்று முறையும் நீ பக்கத்தில் இருந்து எண்ண வேண்டும். சுதர்ஷிகா இல்லை, நீ. அவன் முடியும் என்று சொன்னாலும் முகத்தைப் பார். நோகிறது என்று முகம் சொன்னால், அந்த இடத்தில் நீ நிறுத்து.

எண்ணிக்கையை ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் உன் சுகத்தை நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். ஒருநாள் கேட்பேன். எப்போது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சறோஜா